வெந்நீருக்கு என்ன விலை

ஸ்டான்லியில்
ஈசிஜி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு
"ஒரு நாளைக்கு எத்தனை டீ?" என்றார் டாக்டர்.
நான் எண்ணியதில்லை.
எண்ணூர் ரோட்டில் டிரெய்லர் வரிசை
எவ்வளவு நீளமோ அவ்வளவு என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.

டீ என் தூக்கத்தை விரட்டியதாகத்தான்
இத்தனை வருஷம் நினைத்திருந்தேன்.
அது முழிப்பைக் கடனாகக் கொடுத்திருக்கிறது.
ராத்திரி ரெண்டு மணிக்கு ஒரு கிளாஸ்,
விடிந்தால் வட்டி.
அதுவும் மீட்டர் வட்டி.
வீட்டில் போய்ப் படுத்தால்
நெஞ்சுக்குள் ஓர் ஆள் நின்று
கதவைத் தட்டிக்கொண்டே இருப்பான்.

நிறுத்தினேன்.
மூன்று நாள் தலையைச் சுற்றித்
தார்ப்பாய்க் கயிறு இறுக்கிய வலி.
நான்காம் நாள்
கொத்தவால்சாவடி மருந்துக்கடைப் பொட்டலங்கள்
டேஷ்போர்டில் ஏறி உட்கார்ந்தன.

ஆவாரம்பூ கொஞ்சம் துவர்க்கும்.
சுக்குக்குக் குரல் பெரிசு.
சங்குப்பூவைப் போட்டால் கிளாஸே நீலம்,
ரெண்டு சொட்டு எலுமிச்சை விட்டால்
கத்தரிப்பூ நிறம்.
பின்வண்டி டிரைவர் எட்டிப் பார்த்து
"இன்னா சரக்கு தலைவா, ஒரு கட்டிங் கிடைக்குமா?"
என்று ரகசியமாய்க் கேட்டான்.

இலையும் பூவும் இருந்தன.
வெந்நீர் இல்லை.

தேசம்மா வந்தாள்,
ரெண்டு கண்டெய்னருக்கு நடுவே
டீ கேனும் டார்ச்சுமாக.
"இன்னா டிரைவரே, என் டீல இன்னா கொற கண்ட?"
கொறை இல்லம்மா, வெந்நீர் மட்டும் குடு.
"வெந்நீரா?
அதுக்கு இன்னா வெலன்னு எனக்கு எப்டிப்பா தெரியும்?
இதுவரிக்கும் ஒருத்தனும் கேட்டதில்ல."
ஊற்றினாள். காசு வாங்கவில்லை.
ஆனால் கோபமாக ஊற்றினாள்,
கை சுட்டது.

மூங்கில் இலை வந்தது பர்மா பஜாரிலிருந்து.
சார்ஜர் வாங்கப் போன இடத்தில்
கடைக்கார ராவுத்தர் நீட்டிய பாக்கெட்.
எழுத்து என்ன பாஷையோ,
படம் மட்டும் எனக்குத் தெரிந்த மூங்கில்.
பில் போடாமல் கொடுத்தார்,
"வித்துப் பாத்தேன், ஒருத்தரும் வாங்கல."

பச்சையும் இல்லை, மஞ்சளும் இல்லை, அந்த நிறம்.
முதலில் வறுத்த அரிசி,
பின்னால் லேசாய்ப் புல்லின் இனிப்பு.
மழை விட்ட மறுநாள்
கட்டடச் சாரத்துக்குக் கீழே நடந்தால்
ஒரு ஈரம் மூக்கில் ஏறுமே,
அது.
நாக்கிடம் எதுவும் கேட்காத பானம்.
எழுந்திரு என்றும் சொல்லவில்லை,
தூங்கு என்றும் சொல்லவில்லை.

தேசம்மாவிடம் பாதி கிளாஸ் கொடுத்தேன்.
"சொம்மா தண்ணியாட்டம் கீது" என்றாள்.
இன்னொரு வாய் குடித்தாள்.
கிரேன் ஒன்று இருட்டில்
பெட்டி தூக்கி இறக்கும் வரை பேசவில்லை.
"ஆனா நல்ல தண்ணி.
இன்னும் கொஞ்சம் ஊத்து."
காலையிலிருந்து அவள் உட்கார்ந்ததே
அப்போதுதான் என்று
பிறகு தெரிந்தது.

அன்றைக்கு ராத்திரி
ஸ்டியரிங் மேல் கன்னம் வைத்தேன்.
நெஞ்சுக்குள் தட்டுகிறவன் வரவில்லை.
ஜீரோ கேட் திறந்தது தெரியாது,
முன்வண்டி நகர்ந்தது தெரியாது,
பின்னால் நாற்பது ஹாரன்கள்
கடலை எழுப்பியதும் தெரியாது.

தட் தட் தட்.
நெஞ்சுக்குள் இல்லை, வெளியே,
வண்டிக் கதவில்
தேசம்மாவின் வளையல் கை.
"யோவ், வரிசை பூட்ச்சி பாரு! எடு வண்டிய!"

சாவி திருப்பும்போது
ஜன்னலுக்குள் அதே கை நீண்டது,
உள்ளங்கை மேலே பார்க்க.

"எழுப்புனதுக்குப் பத்து ரூவா.
டீ வெலதான்."