இரவில் ஒன்று

மாத்திரைப் பையில் அச்சிட்டிருந்தது:
இரவில் ஒன்று.
எது இரவு என்று கேட்டேன்.
யீஷூன் பலதுறை மருந்தகத்தின் ஏழாம் முகப்பில்
மருந்தாளர் குவெக் நிமிர்ந்து பார்த்தாள்.

மாலை எட்டிலிருந்து காலை எட்டு வரை
பொங்கோல் கூட்டுரிமை வீட்டு வாசற்கூண்டில் இருப்பவள் நான்.
என் இரவு ஒன்பதரைக்குத் தொடங்கும்,
திரைச்சீலையைத் துணிக்கிளிப்பால் இறுக்கியபின்,
மேல்மாடியில் யாரோ சுவரைத் துளைக்கும்போது.

"இதற்கு இரவும் பகலும் ஒன்றுதான் ஆன்ட்டி,
தினமும் ஒரே நேரம் என்றால் போதும்."
கணினியைப் பார்த்தாள்.
மூன்று மாத மருந்து வாங்காமல் கிடந்தது
அவளுக்கும் தெரிந்துவிட்டது.

சர்க்கரைக்கு இரண்டு, அழுத்தத்துக்கு ஒன்று,
சிறுநீரகத்துக்கென்று புதிதாக ஒன்று.
எல்லாம் விழுங்கினேன்.
கொழுப்பு மாத்திரை மட்டும்
கோதுமை மாவு டப்பாவுக்குப் பின்னால் போனது.
பகல் ஷிப்ட் ஜைனூலின் மாமாவுக்குக்
கெண்டைக்கால் பிடித்துக்கொண்டதாம்.
எனக்கு எங்கும் வலிக்கவில்லை.
வலிக்காததற்கு எதற்கு மருந்து?
பாதி வேலைசெய்யும் சிறுநீரகத்தின் தலையில்
இன்னொரு சுமை எதற்கு?
எனக்கு நானே வக்கீல்.

டாக்டர் ஷஹீதா திட்டவில்லை.
ரத்தப் பரிசோதனைத் தாளின் பின்பக்கம்
ஒரு குழாய் வரைந்தார், உள்ளே கொஞ்சம் கிறுக்கினார்.
"சர்க்கரையும் சிறுநீரகமும் சேர்ந்த வீட்டில்
திருடன் பெரும்பாலும் இதயத்தின் வழியாகத்தான் வருவான்.
கால் வலித்தால் சொல்லுங்கள், அளவை மாற்றலாம்.
நீங்களாக நிறுத்தாதீர்கள்."

போட்டால் என்ன நடக்கும் என்று கேட்டேன்.

"ஒன்றும் நடக்காது," என்றார்.
"அதற்குத்தான்."

போன வருடப் பொதுக்கூட்டத்தில்
நான்காம் புளோக்காரர் எழுந்து கேட்டார்:
இங்கே எதுவுமே நடப்பதில்லையே,
இரவுக்கு இரண்டு பேர் எதற்கு?
கதவோரம் நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்தேன்.
பதில் சொல்லத் தெரியவில்லை.

மணி மூன்று.
நீச்சல்குளம், குப்பை அறை, பின்கேட்.
டார்ச்சை அணைத்துவிட்டுப் பதிவேட்டில் எழுதுகிறேன்,
ஒன்பது வருடமாக எழுதும் அதே வரி:
எல்லாம் சரி.
பேனா கொஞ்சம் நின்று போகிறது.

காலை. கோப்பி ஓ கோசோங், இரண்டு பிஸ்கட்.
வெள்ளையாய், நீளவாட்டில், மிளகாய் விதையைவிடக் கொஞ்சம் பெரிது.
தண்ணீர் ஊற்றுகிறேன்.
மேலே துளைக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

குட் நைட், குவெக்.