கைமாற்று

ஜூன் மாதம். காலை ஒன்பதரை, இன்னும் விடியவில்லை.
தகரக் கூரையைப் பிடித்துப் பிடித்து
உலுக்குகிறது காற்று.
நெலிதா இதைக் காற்று என்று சொல்வதில்லை.
"வெளியே கொஞ்சம் அசைகிறது" என்பாள்.

புந்தா அரேனாஸ் துறைமுகத்தில் இரவுக் காவல் முடித்து வந்து
பூட்ஸைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருக்கிறேன்
அவளுடைய கணினிக்கு முன்னால்.
கடைக் கணக்கு திறக்க ஏழு நிமிடம் ஆகிறது.
நீல வட்டம் சுற்றுகிற சுற்றில்
செக்குமாடு தோற்றுப்போகும்.
உள்ளே ஹார்ட் டிஸ்க்
தூக்கத்தில் பல் கடிக்கிற பிள்ளை மாதிரி
நறநறக்கிறது.

இரண்டு ஜிபி ராம்.
புதிது வாங்கலாம்.
வாங்குகிற காசு அந்தக் கணக்குக்குள்தான் கிடக்கிறது,
பெயர் பெயராக:
மான்சீயா, மாவு இரண்டு மூட்டை.
ஒயார்சோ, மாத்தே இலை, மெழுகுவத்தி, மறுபடியும் மாத்தே இலை.
விதவை வுகாசோவிச், ஆட்டுத்தொடை, ஈஸ்டருக்கு.
கார்க்கமோவுக்குத் தனித் தாள்.

கண்ட்ரோல் பேனல். அதற்குள் ஒரு ஜன்னல்,
அதற்குள் இன்னொன்று,
வெங்காயம் உரித்த மாதிரி உரித்துப் போனால்
அடியில் இருக்கிறது: மெய்நிகர் நினைவகம்.

"அப்படியென்றால்?" என்றாள், மாத்தே குவளையை நீட்டி.
ராமில் இடம் போதாதபோது
டிஸ்கிடம் கைமாற்று வாங்கும்.
இப்போதைக்கு வேண்டாத பக்கங்களை அங்கே போட்டுவிட்டு
வேண்டும்போது ஓடிப்போய்த் தூக்கி வரும்.
அந்த ஓட்டம்தான் இந்தச் சத்தம்.
"வட்டி?"
நேரம்.
"ஈடு?"
ஒன்றும் கிடையாது.
"எவ்வளவு வரைக்கும் கொடுக்கும்?"
அதைத்தான் இப்போது எழுதப்போகிறோம்.
"கரண்ட் போனால்?"
எல்லாம் மறந்துபோகும். வாங்கினதும் கொடுத்ததும்.
நெலிதா உறிஞ்சுவதை நிறுத்தினாள்.
"ஓ. கார்க்கமோ."

தானே பார்த்துக்கொள்ளும் என்ற கட்டத்தில்
டிக்கை எடுத்தேன்.
இரண்டாவது டிஸ்கைக் காட்டி, பேராசையில்,
பதினாறாயிரம் போட்டேன்.
இடமில்லை என்றது.
"கடை வைத்திருக்கிறவளை முதலில் கேட்கவேண்டும்" என்றாள்.
இருக்கிற ராமில் ஒன்றரை மடங்கு: 3072.
தொடக்கமும் அதுவே, உச்சமும் அதுவே.
"ஏறவும் வேண்டாம், இறங்கவும் வேண்டாம்,
கடன் ஒரு அளவில் நிற்கட்டும்."
'அமை' என்பதை அழுத்தாமல்
'சரி'யை அழுத்திவிட்டு
ஒருமுறை எல்லாவற்றையும் திரும்பச் செய்தேன்.

மறுதொடக்கம்.
கறுத்த திரையில் எங்கள் முகம் இரண்டும்
தூக்கமில்லாமல் தெரிந்தன.
ஜன்னலுக்கு அப்பால் நீரிணையின் விளிம்பு
கழுவாத தட்டுபோல் வெளுத்தது.

இரண்டே நிமிடம்.
நறநறப்பு இல்லை.
கணக்கு திறந்தது, சடசடவென்று இறங்கியது,
கடைசி வரியில் போய் நின்றது சிவப்பாக:
வரவேண்டியது, பதினோரு லட்சத்து நாற்பதாயிரம் பேசோ.

இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

முன்பு ஏழு நிமிடம் இருந்தது எங்களிடம்.
அதில் அவள் ரொட்டியைத் திருப்பிப் போடுவாள்,
நான் ஒரு பூட்ஸைக் கழற்றுவேன்,
வாசல் தாழ்ப்பாளை யார் சரிசெய்வது என்று
சண்டை பாதி நடக்கும்.
அந்த ஏழு நிமிடமும்
ஊரில் யாரும் எங்களுக்கு ஒரு பேசோ தரவேண்டியதில்லை.

"கொஞ்சம் குறைக்க முடியுமா?" என்றாள்.
வேகத்தையா, தொகையையா என்று
நான் கேட்கவில்லை.

கடை மணி அடித்தது.
கதவோடு காற்றும், காற்றோடு ஒரு தொப்பியும் உள்ளே வந்தன,
அதன் பின்னால் அதைத் துரத்திக்கொண்டு
கார்க்கமோ.
"அரைக் கிலோ சர்க்கரை, நெலிதா.
எழுதிக்கொள்."

எழுதினாள்.
கண் இமைப்பதற்குள் ஏறிவிட்டது.