தோள் தையல்

துணியின் எடை பார்க்கும் தராசில்
சனிக்கிழமை ராத்திரி
என் சைக்கிளின் போல்டுகளை வைத்துப் பார்த்தேன்.
வட்டமாய் வெட்டிய பனியன் துணிக்கு
ஜிஎஸ்எம் சொல்லும் தராசு,
மூச்சுப் பட்டாலே எண் மாறும்.
இரும்பு போல்டு பன்னிரண்டு கிராம் சொச்சம்,
டைட்டானியம் ஆறரை.
வாட்ச்மேன் சென்னியப்பண்ணன் எட்டிப் பார்த்து
"தங்கமோன்னு நெனச்சனுங்க" என்றார்.
விலையைச் சொல்லவில்லை அவரிடம்.

செயினை மெழுகில் காய்ச்சியாயிற்று.
அந்தக் குண்டாவில் இனிமேல் பால் வைக்கக்கூடாதென்று
வீட்டில் உத்தரவு.
கால்களை வழித்தாயிற்று.
லேடெக்ஸ் ட்யூபுக்கு மூன்று வாட்,
மூன்று வாட்டுக்கு எண்ணூறு ரூபாய்.

முன்சக்கரம்தான் தூங்க விடவில்லை.
பல்லடத்திலிருந்து குடிமங்கலம் நேர் தெற்கு.
ஆனி பிறந்தால்
பாலக்காட்டுக் கணவாய் வாயைத் திறக்கும்.
போகையில் வலது விலாவில்,
வருகையில் இடது விலாவில்.
எதிர்க்காற்றென்றால் குனிந்துகொள்ளலாம்.
பக்கக்காற்றுக்கு எந்தப் பக்கம் குனிவது?
எண்பது மில்லி ரிம் வேகம்தான்.
லாரி ஒன்று மறைத்து விலகினால் போதும்,
கிளுவை வேலிக்குள் கிடப்பேன்.
பின்னால் அறுபது, முன்னால் முப்பத்தைந்து என்று
முடிவு செய்தேன்.
கோழைச் சக்கரம் என்று பேர் வைத்தான் கௌரிசங்கர்.
அவனுக்கு இரண்டும் எண்பது.

மிச்சம் இருந்தது உடை.
இறக்குமதி இருபத்தெட்டாயிரம்.
திருப்பூரில் குடியிருந்துகொண்டு
அதையுமா விலைக்கு வாங்குவது?
ரத்தான ஆர்டரில் தங்கிய ரிப் துணி,
வரி வரியாய், மீன் செதிள் மாதிரி.
காற்று தோளை விட்டுப் பிரியும் இடத்தைச்
சாக்பீஸால் கோடிழுத்துக் கொடுத்தேன்.
தைத்தது மாமினி.
நாலாவது லைன், ஃப்ளாட்லாக் மெஷின்,
ஊர் பலாங்கீர், தமிழுக்கு வயது ஆறு.
சோத்து நேரத்தில் இருபது நிமிசம்
எனக்காகச் சாப்பிடாமல் உட்கார்ந்தாள்.

"இதுல என்ன மிச்சம் ஆகும்?"

"ஒம்பது செகண்டு. நாப்பது கிலோமீட்டருக்கு."

பல்லில் நூலைக் கடித்துத் துப்பினாள்.
"ஒம்பதும் உனக்கேவா?"

என் வேலை என்னவென்று இன்னும் சொல்லவில்லை.
ஸ்டாப்வாட்சோடு
தைப்பவர்களின் முதுகுக்குப் பின்னால் நிற்பது.
கை கத்தரிக்குப் போய்வர ஒன்றரை நொடி.
கத்தரியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டேன்.
பண்டல் இடப்பக்கம் இருந்தால் முக்கால் நொடி.
வலப்பக்கம் மாற்றினேன்.
போன வருசம் மாமினியின் தோள் தையல்
இருபத்தேழு நொடி.
இப்போது இருபத்திரண்டு.
மணிக்கு நூற்று முப்பதாக இருந்த டார்கெட்
நூற்று அறுபது.
அந்த ஐந்து நொடி எங்கே போயிற்றென்று
அவள் ஒருநாளும் கேட்டதில்லை.

ஞாயிறு விடிகாலை.
கேத்தனூர் தாண்டியதும்
காற்றாடிகள் எல்லாம் மேற்கே பார்த்து நின்றன.
முதலில் உறைத்தது சத்தம் இல்லாததுதான்:
காதோரம் படபடக்கும் பழைய ஜெர்சி
வாயை மூடிக்கொண்ட மாதிரி.
கௌரிசங்கரைத் தாண்டுகையில்
கள்ளுக்கடை விட்டு வருகிறவனைப் போல
வெள்ளைக்கோட்டுக்கும் மண்ணுக்கும் அலைந்துகொண்டிருந்தான்.
சிரிக்க மூச்சில்லை.

ஐம்பத்தெட்டு நிமிடம், நாற்பத்தொரு நொடி.
நாலாம் இடம்.
மூன்றாமவனுக்கும் எனக்கும் இரண்டு நொடி.
எந்த இரண்டு என்று ராத்திரியெல்லாம் துழாவினேன்.
குடிமங்கலம் திருப்பத்தில் அவசரப்பட்டுப் பிடித்த பிரேக்கா?
குடிக்காமலே திரும்பிய இரண்டாவது பாட்டிலா?
ஒரு ஊக்கு கழன்று
முதுகில் கொட்டாவி விட்டிருந்தது நம்பர் அட்டை.
அதுவாகவும் இருக்கலாம்.

திங்கட்கிழமை, நாலாவது லைன்.
"ஒம்பது கெடச்சுதா?"
தலையாட்டினேன்.
துணியை ஊசிக்கடியில் வைத்தாள். அமுக்கினேன்.
தோள் வளைந்து ஓடி, நூல் அறுந்து,
கூடையில் விழுந்தது.
என் கட்டைவிரல் இறங்கக் கொஞ்சம் நேரமாயிற்று.
நேற்று முழுக்க ஹேண்டிலைப் பிடித்து மரத்துப்போன விரல்,
யாரும் கேட்டால் அப்படித்தான் சொல்ல வேண்டும்.
இருபத்து நாலு
என்று எழுதினேன்.