கீழ்வீட்டுக்கு நைட் ஷிப்ட்

குதிக்கிறதைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள்.
பந்து வலைக்கு மேலே சித்த நிற்கும்,
கை ஓங்கும்,
போட்டோ எடுக்கிற அண்ணன் அங்கேதான் அமுக்குவார்.
அதற்கப்புறம் நான் என்ன ஆனேன் என்பது
எந்தப் படத்திலும் இல்லை.

அவிநாசி மேட்சில் கார்முகிலா
மேலே போனது அழகாகத்தான் போனாள்.
இறங்கியது ஒற்றைக் காலில்,
கம்பு நட்ட மாதிரி விறைப்பாக.
முட்டி உள்பக்கம் சாய்ந்தது.
பட்டென்று ஒரு சத்தம்.
பந்துச் சத்தம் என்று நினைத்து
பாயிண்ட்டுக்குக் கைதட்டிக்கொண்டிருந்தோம் நாங்கள்.

நிட்டிங் கம்பெனி ஜன்னல் வழியே பார்த்திருக்கிறேன்.
ஒரு இழை அறுந்தாலும் மெஷின் தானாக நின்றுவிடும்,
சிவப்பு லைட் எரியும்,
ஆள் வந்து முடிச்சுப் போடுவார்.
முட்டிக்குள் இருக்கிற இழைக்கு
லைட் எதுவும் இல்லை.

அவளைப் பார்க்கப் போன ஆஸ்பத்திரிச் சுவரில்
ஒரு படம் ஒட்டியிருந்தது.
முகமில்லாத ரெண்டு பேர் குதித்து இறங்குகிறார்கள்.
ஒருத்தருக்கு டிக். ஒருத்தருக்குப் பெருக்கல்.
பெருக்கல் வாங்கினவருக்கு
முட்டி ரெண்டும் ரகசியம் பேசுகிற மாதிரி ஒட்டியிருந்தது.
கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில்
டிக்கை மட்டும் வரைந்துகொண்டேன்.

பதினைந்து வேலம்பாளையத்தில்
லைன் வீட்டு மாடி எங்களுக்கு.
முழுப் பரீட்சை லீவு. அம்மா அப்பா கம்பெனியில்.
துவைக்கிற கல்மேல் ஏறி வாசலில் குதிப்பேன்.
ஒன்று, ரெண்டு, மூன்று,
ஐந்தாவதற்குக் கீழிருந்து சரோஜ் அண்ணன் ஏறி வந்தார்.
ஒடிசாக்காரர், நைட் ஷிப்ட்,
ஊர் எழுந்திருக்கிற நேரத்துக்குப் படுக்கிறவர்.
என் வாசல்தான் அவருடைய கூரை.
தலையில் பஞ்சுத் தூசி, கண்ணெல்லாம் சிவப்பு.
"பாப்பா... தூக்கம்"
என்று மட்டும் சொன்னார்.

விட்டிருக்கலாம்.
விடவில்லை.
சத்தம் வராமல் குதிக்க முடியுமா என்று பார்த்தேன்.

முடியவில்லை, மூன்று நாள்.
குதிகால் முதலில் விழுந்தால் வீடே அதிர்ந்தது,
ஒருதரம் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.
நாலாம் நாள்
நாற்காலி இல்லாத இடத்தில் உட்காரப் போகிறவள் போல
இடுப்பைப் பின்னால் விட்டேன்.
லாரியிலிருந்து செங்கல் இறக்குகிறவர்கள்
கைமாற்றிக் கைமாற்றி வாங்குவார்களே, அப்படி
முன்பாதம் வாங்கிக் குதிகாலிடம் தந்தது,
கணுக்கால் முட்டியிடம்,
முட்டி இடுப்பிடம்.
என் முப்பத்தெட்டுக் கிலோவை
யாரும் தனியாக ஏந்தவில்லை.
பக்கத்தில் நின்ற காக்கா
பறக்கவே இல்லை.

ஒன்பதாம் நாள் மத்தியானம்
சரோஜ் அண்ணன் மறுபடியும் ஏறி வந்தார்.
எனக்கு பக்கென்றது.
"பாப்பா ஊருக்குப் போச்சா?
நாலு நாள் சத்தம் இல்ல.
தூக்கம் வரல."

சிரிப்பை அடக்க முடியாமல்
கல்மேல் ஏறிக் குதித்துக் காட்டினேன்.
மெஷின் ஓடுகிற சத்தத்தில் கோளாறு தேடுகிறவர் போலத்
தலையைச் சாய்த்துக் கேட்டார்.
என் கையைப் பார்க்கவில்லை, உயரத்தைப் பார்க்கவில்லை,
காலையே பார்த்தார்.
"இன்னொண்ணு" என்றார்.

ஜூனில் பள்ளிக்கூடம் திறந்தது.
கார்முகிலா முட்டியில் பட்டை கட்டிக்கொண்டு
ஓரமாக உட்கார்ந்து ஸ்கோர் எழுதுகிறாள்.
முதல் பந்தையே எகிறி அடித்தேன்.
கோட்டைத் தாண்டி
அக்கட்டால வேப்பமரத்தடிக்குப் போய்விட்டது.

எதிர் டீமுக்கு ஒரு பாயிண்ட் போட்டுவிட்டு
பென்சிலைக் காதில் சொருகினாள்.
"போனாப் போகுது புள்ள,
எறங்கீட்டயில்ல."