கழித்ததைக் கழித்தல்

ஓடென்சே. பிப்ரவரி. காப்பீட்டு அலுவலகத்தின் மூன்றாம் மாடி.
இங்கெலிசெ இன்று எண்களை வரிசையில் வைக்கவில்லை,
வினைகளை வைத்தாள்:
கூட்டல், கழித்தல், பெரியதை மட்டும் பொறுக்கல்.

பெயர்ச்சொல்லின் இருக்கையில் வினைச்சொல்லா
என்று பிழை காட்டியது திரை.
ஒவ்வொன்றையும் ஒரு பெட்டிக்குள் உட்காரவைத்தாள்.
பிறகு அது வாய் திறக்கவில்லை.

மடிப்பு: ஒரே ஒரு சாய்கோடு.
மூன்றின் மேலும் விழுந்தது.
ஐந்து, மூன்று, இரண்டு உள்ளே போக
பத்து, நான்கு, ஐந்து.

'நான்கா? கழித்தால் பூஜ்யம்தானே?'
பக்கத்து மேசை யெப்பெ எட்டிப் பார்த்தான்.

வலமிருந்து வா.
மூன்றில் இரண்டு போக மிஞ்சுவதை
ஐந்திலிருந்து எடு.
கழித்ததையே கழித்தால்
கொஞ்சம் திரும்பி வரும்.

விரல்விட்டு எண்ணிக்கொண்டே போனான்.
கீழே, வரிசையாய் நின்ற சைக்கிள்களில்
இருக்கைக்கு இருக்கை பனி,
அவனுடையதிலும்.