எட்டாம் நம்பர் சட்டி

வெள்ளம் வடிந்த பதினோராம் நாள்
கோழிக்கூண்டு இருந்த இடத்தில்
மண்வெட்டி ணங்கென்றது.
வார்ப்பிரும்புச் சட்டி. அதற்குள் ஒரு தவளை.
இரண்டுக்கும் என்னைத் தெரியவில்லை.

எங்கள் சட்டி
அடுப்போடும், அடுப்பிருந்த அறையோடும்
லாரல் ஓடையில் போய்விட்டது.
இது மேட்டுப் பக்கம் எவர் வீட்டிலிருந்தோ வந்தது.
கென்டக்கியின் இந்தப் பள்ளத்தாக்கில்
இப்போது ஆளுக்கொரு அடுத்தவர் பொருள்:
ஹோபர்ட்டின் வேலியில்
பாஸ்டரின் சாய்வு நாற்காலி தொங்குகிறது.

நிவாரண முகாமில் கொடுத்த வினிகர் ஒரு பங்கு,
தண்ணீர் ஒரு பங்கு.
அரை மணிக்கு மேல் ஊறினால்
துருவை முடித்துவிட்டு இரும்பைத் தின்னத் தொடங்கும்.
கம்பி நாரால் தேய்த்தேன்.
துரு போனது.
துருவுக்கு அடியில் கறுப்பு,
யாரோ முப்பது வருஷம்
விடியலில் பன்றி இறைச்சி வறுத்த கறுப்பு,
அதுவும் செதில் செதிலாய்ப் பெயர்ந்து
வாளித் தண்ணீரில் மிதந்தது.
அங்கேதான் கை நின்றது.
"பாதியில் விட்டால் பாதித் துரு. தேய்"
என்றாள் லியோட்டா, டிரெய்லர் ஜன்னலிலிருந்து.

சாம்பல் நிறத்தில்
பிறந்த மேனியாக நின்றது சட்டி.
துடைத்துத் திரும்புவதற்குள்
வெட்கத்தில் சிவக்கத் தொடங்கியது.
ஓடிப்போய் நெருப்பில் வைத்தேன்.

எண்ணெய் தடவு.
பிறகு, தடவியதே தப்பு என்பதுபோலத் துடை.
கவிழ்த்து வை. ஒரு மணி நேரம்.
முதல் தடவை ஆசைப்பட்டு அதிகம் தடவினேன்,
ஈ ஒட்டும் காகிதம்போல் பிசுபிசுத்தது.
மறுபடி நார், மறுபடி வெறும் இரும்பு.
புகைமணி அலறாத நாளில்லை.
சட்டியைப் பழக்க வேண்டும் என்கிறோம்,
யாருக்கு யார் பழகுகிறோம் என்று சொல்வதில்லை.

ஆறு முறை.
முதல் சோள ரொட்டியைச் சுரண்டித்தான் தின்றோம்.
ஒன்பதாவது
தானாக நழுவித் தட்டில் விழுந்தபோது
லியோட்டா கை தட்டினாள்.
ஜூலைக்குப் பிறகு
அந்தச் சத்தத்தை நான் கேட்டதில்லை.

தபால் ஆபீஸில் சீட்டு ஒட்டியிருந்தேன்:
சட்டி கிடைத்தது, அடியில் எட்டு.
எழுத்தைக் கொஞ்சம் சின்னதாகத்தான் எழுதினேன்,
இப்போது சொல்லிவிடுகிறேன்.

அக்டோபரில் வந்தாள் வெர்டி கோம்ப்ஸ்.
மேசையில் வைத்து விளிம்பை ஒரு விரலால் அழுத்தினாள்.
டக், டக்.
"இடப்பக்கம் ஆடும். என்னுடையதுதான்."
உள்ளே முகர்ந்தாள்.
"ஆனால் இதற்கு என்னைத் தெரியவில்லை."
மன்னிப்புக் கேட்டேன்.
"என்ன கொழுப்பு போட்டாய்?"
"சூரியகாந்தி எண்ணெய். முகாமில் அதுதான் இருந்தது."
மூக்கால் ஒரு சத்தம் எழுப்பினாள்.
துண்டில் சுற்றி, இடுப்பில் வைத்து,
குழந்தையைத் தூக்கிப் போவதுபோல் போனாள்.

மேசைமேல் வட்டமாய் எண்ணெய்க் கறை.
லியோட்டா துணியை எடுத்தாள், துடைக்கவில்லை.
நிவாரணப் படிவத்தை விரித்தாள்.
இழந்த பொருட்கள், இரண்டாம் பக்கம்:
இரும்புச் சட்டி, ஒன்று.
ஒன்றை அடித்தாள்.
இரண்டு என்று எழுதினாள்.