முன் அனுபவம்

விண்ணப்பத்தின் ஏழாவது கட்டத்தில்
என் பேனா எப்போதும் நின்றுவிடும்.
முன் அனுபவம்: ஆண்டு, நிறுவனம், விலகிய காரணம்.
எதிரே தனவேல் உட்கார்ந்திருக்கிறார்,
நாற்காலியின் நுனியில்,
யாரோ எழச் சொல்லப்போவதுபோல.

பதினோரு வருடம்.
நிறுவனம்: கேப்பர் மலை.
விலகிய காரணம்: நன்னடத்தை.
எழுதிக் காட்டினேன். அவரே சிரித்துவிட்டார்.
கிழித்துப் போட்டேன்.

மஞ்சக்குப்பத்தில் ஒரு மாடி அறைதான் அலுவலகம்.
கீழே ஜெராக்ஸ் கடை.
போன புயலிலிருந்து ஒரு ஜன்னல் சாத்துவதில்லை.
வியாழக்கிழமைகளில் வண்டியை எடுத்துக்கொண்டு
வேலை கேட்டுப் போவேன்,
எனக்கில்லை.
சிப்காட்டில் வாசலோடு சரி.
காவலாளிகளை அனுப்பும் கம்பெனிக்காரர்
"இது நம்பிக்கை சம்பந்தப்பட்ட வேலை" என்றார்.
ராத்திரி முழுக்கப் பூட்டையே பார்த்துக்கொண்டிருந்து
பழகியவர்கள் பதினான்கு பேர்
என்னிடம் இருக்கிறார்கள் என்றேன்.
அவருக்குச் சிரிப்பு வரவில்லை.
சகாயராணிக்குப் புதுச்சேரியில் தையல் வேலை கிடைத்தது,
தங்க இடம் கிடைக்கவில்லை.
இரண்டு மாதம் கடைசி பஸ்ஸில் திரும்பினாள்.
இப்போது என் போனை எடுப்பதில்லை.

தனவேலுக்குத் தெரிந்தது கடல்.
கடலுக்குப் போக ஊர் விடாது.
கட்டுமானம் பேசினது முடிஞ்சதுதான், மேடம்,
அங்கே பேச்சில்லை என்றார்.

பழைய நகரத்தில், துறைமுகம் போகும் சந்தில்
செய்யது மரைக்காயரின் ஐஸ் கம்பெனி.
தரையெல்லாம் உப்புத்தண்ணீர், அம்மோனியா நெடி.
"என்ன கேஸு?" என்று என்னைக் கேட்டார்.
அவரையே கேளுங்கள் என்றேன்.
தனவேல் கையைக் கட்டினார், அவிழ்த்தார்.
"தம்பி. வலைப் பங்கு. நங்கூரம்."
அதற்கு மேல் அது வாக்கியம் ஆகவில்லை.
ஐஸ் உடைக்கும் மெஷின் ஓடி முடிக்கும்வரை
காத்திருந்தார் மரைக்காயர்.
"விடிகாலை மூணு மணிக்கு எவனும் வரமாட்டேங்கிறான்.
நீ வருவியா?"

கருணை என்று யாராவது சொன்னால் மறுப்பேன்.
ஆள் பற்றாக்குறை.
எனக்கு அது போதும்.

முதல் சம்பளத்தில் அரைக் கிலோ சங்கரா கொண்டுவந்தார்.
காசு கொடுத்து மீன் வாங்கியது
பிறந்ததிலிருந்து இதுதான் முதல் தடவை என்று
அப்படிக் கூச்சப்பட்டார்.

ஆறாவது வாரம், செவ்வாய்க்கிழமை,
இருட்டு விலகுமுன் போன்.
"ஒரு பொம்பளை ஐஸுக்கு நிக்குது.
உங்க ஆளு நட்ட கல்லு மாதிரி நிக்கிறான்.
என்ன விஷயம்னு சொல்லிக் குடுத்தீங்களா எனக்கு?"
நான் போய்ச் சேர்வதற்குள் முடிந்திருந்தது.
மெஷின் பையன்தான் சொன்னான்.

பூங்காவனம்.
தம்பி பொண்டாட்டி.
வழக்கமாக வாங்கும் இடத்தில் கரண்ட் இல்லை,
தெர்மாகோல் பெட்டியோடு இங்கே வந்திருக்கிறாள்.
முகம் பார்த்ததும் திரும்பிப் போவாள் என்று நினைத்தானாம் பையன்.
மீன் கெட்டுப்போகும்.
போகவில்லை.
தனவேல் அள்ளிப் போட்டார்.
பெட்டிக்குள் குனிந்து பார்த்தாள்.
"கொறச்சலா இருக்கு."
பதினோரு வருடத்தில் அவள் சொன்ன முதல் வார்த்தை.
இன்னொரு மண்வெட்டி.
"இன்னும்."
இன்னொன்று.
பெட்டி தளும்பி, சில்லுகள் தரையில் சிதற
காசை எண்ணினாள்,
கையில் கொடுக்கவில்லை,
ஐஸ் பாளத்தின்மேல் வைத்துவிட்டுப் போனாள்.
நோட்டு ஒட்டிக்கொண்டதாம்.

வியாழக்கிழமை படியேறி வந்தார் தனவேல்.
"வேற எடம் பாத்துக் குடுங்க."
படிவத்தை எடுத்தேன். ஏழாவது கட்டம்.
ஐஸ் கம்பெனி. ஆறு வாரம்.
விலகிய காரணம்
என்ற இடத்தில் பேனாவை வைத்தபடி
அவரைப் பார்த்தேன்.
ஜன்னல் இரண்டு முறை அடித்துக்கொண்டது.
"இன்னைக்கும் வந்துச்சு" என்றார்.
"அங்க கரண்ட் வந்தாச்சே?"
"வந்தாச்சு."

கொஞ்ச நேரம் கழித்து எழுந்தார்.
பாதிப் படியில் நின்று
மேலே பார்க்காமலே சொன்னார்:
"மரைக்காயர்ட்ட ஒரு தராசு வைக்கச் சொல்லணும், மேடம்.
கண்ணளவுல சரியா வரல."